லீவும் விடுதலையும்

சொற்களின் பின்னால் போகும் இவ்வரிசையில் இன்று ‘ஹொலிடே’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதன் பழைய பொருள் புனித நாள். தேவாலயம் விலக்கி வைத்த நாளில் வேலை கிடையாது. நாளடைவில் புனிதம் கழன்று ஓய்வு மட்டும் மிஞ்சியது. எங்கள் ‘திருநாள்’ எழுத்துக்கு எழுத்து அதே சொல்தான். ஆனால் ஆவணி மாதப் பாடசாலை ஓய்வை எவரும் திருநாள் என்பதில்லை. எங்களிடம் புனிதம் கழரவில்லைப் போலும்!

திண்ணைப் பள்ளிக் காலத்தில் ஞாயிறு ஓய்வு என்பது கிடையாது. அமாவாசை, பூரணை ஆகிய உவா நாட்களிலே பள்ளி நடவாது. உவா என்பதே ‘வாவு’ எனத் திரிந்து மாணவரின் ஓய்வு நாளுக்குப் பெயராயிற்று. 1816இல் யாழ்ப்பாணத்தில் காலூன்றிய அமெரிக்க மிஷனும் ஏனைய மிஷன்களும் பாடசாலைகளைத் திறந்தபோது ஞாயிற்றுக்கிழமை வந்தது, சந்திரன் போயிற்று.

ஆனால் சந்திரன் ஒருமுறை திரும்பி வந்தது. 1966இல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறு ஓய்வை நீக்கி, போயா நாளையும் அதற்கு முதல்நாளையும் வார இறுதியாக்கியது. சந்திரனின் காற்சுற்று ஏழு நாளிலும் சற்றுக் கூடியது. ஆகவே சில வாரங்கள் எட்டு நாளாக நீண்டன. இன்ன கிழமை ஓய்வு என்று கலண்டரைப் பாராமற் சொல்ல முடியாது. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாளாயிற்று. வெளிநாட்டோடு வணிகம் செய்தவர்களுக்கும் தலையிடிதான். 1971இல் ஞாயிறு மீண்டது. பூரணைப் போயா பொது விடுமுறையாக இன்றும் நிற்கிறது. திண்ணைப் பள்ளிப் பையனின் பாதி வாவு அரசாங்கச் சட்டத்திலே பிழைத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

‘லீவு’ வேறு வழியால் வந்த சொல். அதன் பொருள் அனுமதி. ஹொலிடே கலண்டர் தருவது; லீவு மேலதிகாரியிடம் கேட்டு வாங்குவது. கொழும்பிலே உத்தியோகம் பார்த்த எங்கள் கிளாக்கர்மாருக்கு அது உயிர்ச்சொல். 1905இல் காங்கேசன்துறை வரை ரயிற்பாதை முடிந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. லீவு என்றால் கோச்சி, கோச்சி என்றால் வீடு. நல்லூர்த் திருவிழாவுக்கென்று லீவைச் சேர்த்து வைத்தவர்கள் எத்தனை பேர்! மேனாட்டான் ஹொலிடேக்கு வீட்டை விட்டுப் போவான். நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

இவற்றுக்கெல்லாம் நடுவில் எங்கள் பிள்ளைகளின் வாயில் இருந்தது ‘விடுதலை’. சித்திரை விடுதலை, மார்கழி விடுதலை. “நாளைக்கு விடுதலையோ?” என்று கேட்பார்கள். புனிதமும் இல்லை, அனுமதியும் இல்லை. கட்டவிழ்த்து விடுவது, அவ்வளவே. ‘விடுமுறை’ சுற்றறிக்கைக்குரிய சொல். அதை விளையாட்டு முற்றத்திலே கேட்டதில்லை.

1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணி தோன்றியது. பின்வந்த ஆண்டுகளில் இயக்கங்கள் பலவும் தம் பெயரில் அச்சொல்லை ஏற்றன. போரும் வந்தது. “எப்ப விடுதலை?” என்று பிள்ளை கேட்டால் பெரியவர்கள் ஒரு கணம் திடுக்கிடும் காலமாயிற்று. பள்ளிக்கூட விடுதலை மெல்ல ஒதுங்க, அவ்விடத்தை லீவு பிடித்துக்கொண்டது என்பது என் எண்ணம். 1990இல் யாழ்தேவியின் வடக்குப் பயணம் நின்று, 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அதில் வந்திறங்கும் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்ததாகவே சொல்கிறார்கள். ‘விடுதலைக்கு வந்தனியோ?’ என்று கேட்கும் பாட்டிமார் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.