வெளியேறும் சீட்டு: காவல் நிலையப் பதிவேடும் நம் கடல் கடந்த பயணமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வது நம் மன்றங்களின் வழக்கம். இந்த ஆண்டு ஒற்றைத் தாளைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். வெளிநாட்டு வேலைக்கோ குடியேற்றத்துக்கோ மனுப் போடுகிறவரிடம் கேட்கப்படும் தாள் அது. போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட், சுருக்கமாக பி.சி.சி. குவைத் வேலை விசாவுக்கு அதைக் கேட்கிறது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் குடியேற்றத்துக்குக் கேட்கின்றன. நம் நாட்டில் அதைத் தருவது பாஸ்போர்ட் அலுவலகம். கட்டணம் 500 ரூபாய். ஆனால் அந்த அலுவலகத்துக்கு நம்மைத் தெரியாது. நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியது நாம் குடியிருக்கும் பகுதியின் காவல் நிலையம். பாதகமாக எதுவும் இல்லை என்று நிலையம் எழுதினால் சான்று வரும். எழுதாவிட்டால் வேலை போகும், ஏஜெண்டிடம் கட்டிய பணம் போகும், வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

ஒருவர் குற்றம் செய்தாரா என்பதை அந்தத் தாள் சொல்வதாக உலகம் நம்புகிறது. அவரைப் பற்றிக் காவல் நிலையம் என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் எல்லாச் சாதிக்கும் ஒன்றல்ல. சேரிக்கு அந்தத் தூரம் ஏன் இவ்வளவு நீண்டது என்பதே இந்த உரையின் கேள்வி.

பிறப்பையே குற்றமாக எழுதிய ஏடு

1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த அது, 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் என்ன செய்தார் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எந்தக் கூட்டத்தில் பிறந்தார் என்று கேட்டது. அறிவிக்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர் பெயரைப் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போனால் தெரிவிக்க வேண்டும். தென்மாவட்டங்களில் பதியப்பட்ட ஆண்கள் இரவில் காவல் நிலையத்துக்கு வந்து படுக்க வைக்கப்பட்டார்கள். அவசரத்துக்கு வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வேண்டும். நம் மக்கள் அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். சட்டப் புத்தகத்தின் பெயரைவிட அது பொருத்தமான பெயர்.

அந்த ரேகைக்கும் ஒரு பயண வரலாறு உண்டு. வங்காளத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் பரிசோதித்த கைரேகை முறைக்கு 1897இல் கல்கத்தாவில் தனி அலுவலகம் திறக்கப்பட்டது. அதை வகைப்படுத்தும் கணக்கைச் செய்து கொடுத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். முறைக்கோ அவர்களின் மேலதிகாரி ஹென்றியின் பெயர் நிலைத்தது. 1901இல் அது லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. இன்று பல நாடுகள் குடியேற வருகிறவரிடம் பத்து விரல் ரேகையையும் கேட்கின்றன. அந்த முறை வளர்ந்த நிலம் இதுதான்.

1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பகுதியின் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அங்கே இறந்தவர்களின் சாதிக்கும் நமக்கும் இடையில் இன்று கசப்பான கணக்குகள் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த 16 பேர் எதிர்த்த சட்டம் எல்லா எளிய சாதிகளையும் குறிவைத்த சட்டம். தென்னாற்காட்டின் வேப்பூர்ப் பறையரைக் காலனிய அதிகாரிகள் தங்கள் குறிப்புகளில் குற்றக் கூட்டமாகவே எழுதி வைத்தார்கள். குறவரும் ஒட்டரும் பட்ட பாடு நமக்குத் தெரியும். அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய நூலின் முன்னுரையில், தீண்டப்படாதாரையும் குற்றப் பழங்குடிகளையும் பழங்குடி மக்களையும் ஒரே வரிசையில் வைத்து, இந்து நாகரிகத்தின் விளைவுகள் இவை என்று குற்றம்சாட்டினார்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. இந்தியா முழுவதும் ஒழிந்தது 1952 ஆகஸ்ட் 31 அன்று. ஆனால் சென்னையில் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. கூட்டத்தின் பெயர் போய்த் தனிமனிதரின் பெயர் வந்தது. பெயரை எழுதும் கை மாறவில்லை.

போக ஒரு சீட்டு, விட ஒரு சீட்டு

ஊரைவிட்டு வெளியேறுவது நம் மக்களுக்குப் பிழைப்பு மட்டுமல்ல. பண்ணையின் பிடியிலிருந்து தப்பும் வழியும் அதுதான். 19ஆம் நூற்றாண்டில் மொரீசியஸ், நேட்டால், பிஜி, மலாயா, இலங்கை என்று கப்பலேறியவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருந்தொகையினர். ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் குடிபெயர்வுச் சீட்டுகளைப் பாருங்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு. கடல் தாண்டியும் சாதிக் கட்டம் கூடவே போனது.

இலங்கையின் மலைத்தோட்டங்களில் இன்னொரு தாள் இருந்தது. துண்டு என்று அதற்குப் பெயர். தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் இவரை விடுகிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. கடனைக் கணக்கில் எழுதுகிறவர் கங்காணி. கணக்கைப் படிக்கத் தெரியாதவர் தொழிலாளி. 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதி, நம் காலைக் கட்டுகிற தாள் அதற்கு முன்பும் இருந்தது, பிறகும் இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகும் பாஸ்போர்ட் குடிமக்களின் உரிமையாகக் கருதப்படவில்லை. அரசு விரும்பினால் தரும் சலுகையாகவே இருந்தது. 1950களில் படிப்பும் பணமும் இல்லாத உழைப்பாளிகள் பிரிட்டனுக்குப் போவதை இந்திய அதிகாரிகளே பாஸ்போர்ட் கொடுக்காமல் தடுத்தார்கள். நாட்டின் மானம் போகும் என்பது அவர்கள் கவலை. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்வது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகே அந்த ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. மறுப்பதற்கான காரணங்கள் அதன் 6ஆம் பிரிவில் வரிசையிடப்பட்டன. அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகக் கடந்த 5 ஆண்டுக்குள் குறைந்தது 2 ஆண்டு தண்டனை பெற்றிருப்பது ஒன்று. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது மற்றொன்று.

கொடியங்குளம்

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கொடியங்குளம் முழுக்க நம் மக்கள் வாழும் ஊர். வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் அங்கே கல்வீடு எழுந்தது, டிவி வந்தது, டிராக்டர் வந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 காவலர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்று நீரைக் கெடுத்தார்கள். துணிமணிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். படித்த இளைஞர்களின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் அந்தத் தீயில் எரிந்தன.

ரேகைச் சட்டம் ஒழிந்து சரியாக 43 ஆண்டு கழித்து, அதே ஆகஸ்ட் 31. தேதி தற்செயல்தான். தீயில் போட்ட பொருள்கள் தற்செயல் அல்ல. வெளியே போவதால் இந்தச் சேரி தலைநிமிர்கிறது என்பது அந்தக் காவலர்களுக்குத் தெரிந்திருந்தது. பாஸ்போர்ட்டை எரிக்கத் தீப்பெட்டி வேண்டும், அதற்குச் சாட்சியும் உண்டாகும். முதல் தகவல் அறிக்கையில் ஒரு பெயரைச் சேர்க்க இது எதுவும் தேவையில்லை.

இன்று அது நடக்கும் விதம்

தேரோட்டத் தகராறு, சுடுகாட்டுப் பாதை, சிலை, கொடிக்கம்பம். எது காரணமானாலும் மோதல் முடிந்ததும் வழக்குப் பதிவாகும். சில பெயர்கள், அதன்பின் "மற்றும் பலர்". அந்தப் பலரில் பிறகு யாரையும் சேர்க்கலாம். நாம் பி.சி.ஆர். வழக்குக் கொடுத்தால் மறுநாளே எதிர் வழக்கு வரும். அதில் பெரும்பாலும் இருப்பவர்கள் படித்த பிள்ளைகள், வெளிநாடு போகத் தயாராகிறவர்கள். பிறகு சமாதானப் பேச்சு நடக்கும். உன் மகன் குவைத் போக வேண்டுமா, நீ வழக்கை வாபஸ் வாங்கு என்று பேரம் பேசுவார்கள். வன்கொடுமை வழக்குகள் நடுவழியில் நின்றுபோவதற்கு இந்தச் சான்றிதழும் ஒரு காரணம் என்பதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

இதைத் தவிர, பழைய 107, 110 நடவடிக்கைகள் உண்டு. புதிய சட்டத்தில் அவை 126, 129ஆம் பிரிவுகள். இனிமேல் அமைதியைக் கெடுக்கக்கூடும் என்று பிணை எழுதி வாங்குவது. அவை தண்டனை ஆகாது, ஆனாலும் ஏட்டில் ஏறிவிடும். சரித்திரப் பதிவேடு என்று நிலையம் வைத்திருக்கும் ரவுடிப் பட்டியலும் உண்டு. முன்பு அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஏடு இப்போது நாடு முழுவதும் இணைக்கப்பட்ட கணினியில் ஏறிவிட்டது. ஊர் மாறினாலும் பெயர் பின்தொடரும்.

வெளிநாட்டு அரசுகளின் விதியும் நிலையாக இருப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2018 பிப்ரவரியில் வேலை விசாவுக்கு நன்னடத்தைச் சான்றைக் கட்டாயமாக்கி, ஏப்ரலில் நிறுத்தி வைத்தது. 2022இல் சவுதி அரேபியா அதைக் கேட்டதும் பாஸ்போர்ட் அலுவலகங்களில் கூட்டம் தாங்கவில்லை. தபால் அலுவலக மையங்களிலும் விண்ணப்பம் வாங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று இந்தியர்களுக்கு அது தேவையில்லை என்று சவுதித் தூதரகம் அறிவித்தது. இந்த மாற்றங்களுக்கு இடையில் அலைச்சலும் கூலி இழப்பும் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியது

சட்டம் நம் கையில் சில கருவிகளைத் தந்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவானதாலேயே வழக்கு நிலுவையில் இருப்பதாக ஆகாது. நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. வழக்கு நிலுவையில் இருந்தாலும் 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதியோடு பாஸ்போர்ட் பெறலாம். ஆனால் அந்த அனுமதி பாஸ்போர்ட்டுக்கு உதவும் அளவுக்குச் சான்றிதழுக்கு உதவாது. வேலை தருகிறவர் கேட்பது பாதகம் எதுவும் இல்லாத சான்று. ஆகவே வழக்கை முடிப்பதுதான் வழி.

முடிந்த வழக்கும் பல நேரம் ஏட்டில் முடிவதில்லை. விடுதலை ஆனவர் தீர்ப்பின் நகலை வாங்குவதில்லை. நடவடிக்கை கைவிடப்பட்ட வழக்கில் நிலையம் அறிவிப்புத் தருவதில்லை. நம் அமைப்புகள் ஊர்வாரியாக ஒரு நோட்டுப் போட வேண்டும். எந்த வழக்கு, என்ன எண், யார் யார் பெயர், எந்த நீதிமன்றம், என்ன நிலை என்று அதில் எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சில வகை வழக்குகளுக்கு மட்டுமே விலக்கு. அதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஆதாரமில்லாத வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போக வேண்டும். சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். போராட்டத்துக்கு ஆள் சேர்க்கும் அமைப்பு, போராட்டம் முடிந்து பத்து ஆண்டு ஆனாலும் அந்த ஆளின் வழக்கைத் தன் வழக்காக வைத்திருக்க வேண்டும்.

2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், பின்தங்கிய பின்னணியில் பிறந்த காரணத்தால் அப்பாவிகளின் பெயர் சரித்திரப் பதிவேட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டை நீக்கிய தீர்ப்பில், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளியாகப் பார்க்கும் பார்வையையும் கண்டித்தது. 1871இல் எழுதத் தொடங்கிய ஏட்டை நீதிமன்றமே இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள்.

போராட்டத்துக்குப் போகாதே, பாஸ்போர்ட் கிடைக்காது என்று நம் வீடுகளில் தாய்மார்கள் சொல்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று நாம் மேடையில் பேசியிருக்கிறோம். அவர்கள் பயத்துக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. கூலியும் கடனும் தெரிந்தவர்கள் அவர்கள். கணக்குப் போட்டுத்தான் பேசுகிறார்கள். அந்தக் கணக்கை மாற்ற வீரம் பேசினால் போதாது. உன் பிள்ளை கூட்டத்துக்கு வரட்டும், வழக்கு வந்தால் முடிக்கும்வரை நாங்கள் நீதிமன்றத்தில் நிற்போம் என்று சொல்லும் தகுதியை நம் அமைப்புகள் அடைய வேண்டும். மாணவர்களில் சட்டம் படிப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் ஊர் நோட்டை இந்த மாதமே தொடங்குங்கள்.

ஜெய் பீம்.