வீட்டுத் தகப்பனுக்கு ஒரு பாடநூல்

சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் வரும் வாரங்களில் எங்கள் குடும்ப ஜெபம் மாலையிலிருந்து விடியற்காலைக்கு மாறிவிடும். சின்னவள் பாதித் தூக்கத்தில் பத்துக் கட்டளைகளை ஒப்பிப்பாள். ஐந்தாவதில் தடுமாறுவாள், அம்மா முந்திக்கொண்டு எடுத்துக்கொடுப்பாள், நான் முறைப்பேன்.

இந்த வழக்கத்தின் வேர் பழவேற்காட்டில் இருக்குமோ என்று தேடினேன். 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். 1630களில் அங்கே போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்துக்களின் சமயத்தைப் பற்றி எழுதினார். 1651இல், அவர் இறந்த பிறகு, லைடனில் நூல் வந்தது. அருமையான மனிதர்தான், ஆனால் நான் தேடியது அவரிடம் இல்லை.

கிடைத்தது தரங்கம்பாடியில். சாக்சனியில் சபைகளைப் பார்வையிட்ட சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், சனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லையே என்று நொந்து, 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், ஜெபம்: ஒவ்வொரு பகுதியின் தலைப்பும், வீட்டுத் தகப்பன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகக் கற்பிக்கட்டும் என்கிறது. குருவை அல்ல, தகப்பனைப் பார்த்துச் சொன்னது! 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார்.

அப்படியானால் பள்ளிக்கு அனுப்பாமலே வீட்டில் படிப்பிக்கலாமா என்று சபையில் சில இளம் தகப்பன்மார் கேட்கிறார்கள். ஆனால் அதே சீகன்பால்கு பள்ளிக்கூடங்களையும் நடத்தினார். 1707இல் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்று தொடங்கினார். என் மகள் எட்டரைக்குப் பள்ளி வேன் ஏறிவிடுவாள்.