‘பாலைவனமாதல்’: ஒரு கலைச்சொல்லும் மாறிவந்த அறிவியலும்

1. முன்னுரை

சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரம், தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மும்மொழி எல்லைகள் நெருங்கும் குப்பம் வட்டாரத்தைச் சேர்ந்தது. சித்தூர் மாவட்டம் 1911இல் அமைவதற்கு முன் இவ்வட்டாரம் வட ஆர்க்காட்டில் அடங்கியிருந்தது. ஏரிப்பாசனமும் மானாவாரிப் புன்செய்யும் கொண்ட இம்மேட்டுநிலம் அரைவறள் வலயத்தைச் சார்ந்தது, பாலைவனம் அன்று. எனினும், இத்தகைய நிலங்கள் வளங்குன்றுவதைக் குறிக்கும் எடாரீகரண (தெலுங்கு), பாலைவனமாதல் (தமிழ்), மருபூமீகரண (கன்னடம்) ஆகிய மூன்று கலைச்சொற்களும் பாலைவனத்தையே அடியாகக் கொண்டுள்ளன. இப்பொருத்தமின்மையின் வரலாற்றையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொல்லும் பொருளும்

இச்சொற்களுக்கு மூலமான ஐரோப்பியச் சொல்லை 1949இல் பரவலாக்கியவர் பிரெஞ்சு வனவியலார் ஓப்ரெவில். அவர் குறித்தது சகாராவின் படர்ச்சியை அன்று. ஆப்பிரிக்க வெப்பமண்டலக் காடுகள் வெட்டாலும் தீயாலும் மண்ணரிப்பாலும் சிதைவதையே. சாகேல் பகுதியின் கடும் வறட்சிக்குப்பின், 1977இல் நைரோபியில் ஐ.நா. மாநாடு கூடியது. பாலைவனம் ஆண்டுதோறும் முன்னேறுகிறது என்ற கருத்து அக்காலத்தில் வேரூன்றியது. 1975இல் சூடானில் லாம்ப்ரி நடத்திய அளவாய்வு அதற்குச் சான்றாகக் காட்டப்பெற்றது.

இக்கருத்து நிலைக்கவில்லை. 1980களில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூடானில் அத்தகைய தொடர் முன்னேற்றத்தைக் காணவில்லை. 1980 முதல் 1990 வரையிலான செயற்கைக்கோள் தரவுகளை ஆராய்ந்து டக்கர் குழுவினர் 1991இல் வெளியிட்ட முடிவின்படி, சகாராவின் தென்விளிம்பு மழைக்கேற்ப ஆண்டுக்காண்டு விரிந்தும் சுருங்கியும் வந்தது.

1994ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, வறள், அரைவறள், உலர் குறையீர நிலங்களில் காலநிலை வேறுபாடுகள், மனிதச் செயல்கள் முதலிய காரணங்களால் நேரும் நிலச்சீரழிவு என இச்சொல்லை வரையறுத்தது. மிகைவறள் நிலம், அதாவது உண்மையான பாலைவனம், இவ்வரையறைக்குள் வாராது. சொல்லின் அடிப்பொருளே அதன் வரையறைக்குப் புறம்பாயிற்று.

3. நிலை, இடம்

தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பில் திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. எனவே ‘பாலை’ ஒரு நிலையையும், ‘பாலைவனம்’ ஓர் இடத்தையும் குறிக்கும். 1989இல் வெஸ்ட்பி, வாக்கர், நோய்-மெயர் ஆகியோர் மேய்ச்சல் நிலத்தைப் பல நிலைகளும் அவற்றிடையே மாற்றங்களும் கொண்டதாக விளக்கினர். இவ்விரு கருத்துகளையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும். மழை வந்தால் பசுமை மீளும். அரித்துச் சென்ற மேல்மண் அவ்வாறு மீளாது. வறட்சியையும் சீரழிவையும் வேறுபடுத்துவதே இன்றைய அறிவியலின் சாரம்.

4. சொல் விளைக்கும் வினை

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட நிலவரைபடத் தொகுப்பின்படி, 2018-19இல் நாட்டில் 9.785 கோடி ஹெக்டேர், அதாவது 29.77 விழுக்காடு நிலம், சீரழிவுக்கு உட்பட்டிருந்தது. அதில் முதன்மையான காரணம் நீரரிப்பு. காற்றரிப்பு அதனினும் குறைவே. ‘பாலைவனமாதல்’ என்னும் சொல் படிப்போர் மனத்தில் எழுப்புவதோ மணற்புயலையே.

‘தரிசு’ என்னும் சொல்லும் இத்தகையதே. வரி தராத, உழப்படாத நிலத்தைக் குறித்த வருவாய்த்துறைச் சொல், வளமிழந்த நிலத்துக்கும் பெயராயிற்று. 1985இல் அமைந்த தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் ஆண்டுக்கு 50 லட்சம் ஹெக்டேரில் மரம் நடுவதை இலக்காகக் கொண்டது. இயல்பான புல்வெளியும் தரிசெனப் பதிவாகுமிடத்து, ஆடுமாடு மேய்ப்போரின் மேய்ச்சற்காடு திருத்தப்பட வேண்டிய குறையாகத் தோற்றமளிக்கிறது.

5. முடிவுரை

உடன்படிக்கையின் பெயரிலும் வரலாற்றுப் பொருளிலும் ‘பாலைவனமாதல்’ நிலைபெறலாம். நிகழ்வைக் குறிக்குமிடத்து ‘வறள்நிலச் சீரழிவு’ என்பதே வரையறைக்கு இயைந்தது. ‘தரிசு’, ‘மேய்ச்சல் நிலம்’, ‘சீரழிந்த நிலம்’ ஆகிய மூன்றையும் மொழிபெயர்ப்பாளர் ஒன்றுக்கொன்று மாற்றாக ஆளுதல் கூடாது. சாந்திபுரம் போன்ற ஊரில் ஒரு நிலத்திற்கு இடப்படும் பெயர், அந்நிலத்தை யார் பயன்படுத்தலாம் என்பதையும் உடன் தீர்மானிக்கக்கூடும்.