மறப்பதாக ஓர் ஆணை

மறதி நம்முடைய விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. தேர்வு மண்டபத்தில் வேண்டாத விருந்தாளியாக வந்து நிற்கும். என்றோ கேட்ட வசைச்சொல்லையோ நெஞ்சிலிருந்து அகற்ற மறுக்கும். அப்படியிருக்க, ஒரு நகரத்து மக்கள் ஒன்றுகூடி, நடந்த தீங்குகளை இனி நினைவூட்டிப் பகை பாராட்டுவதில்லை என்று ஆணையிட்டுக்கொண்டார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் மூண்ட போர் 27 ஆண்டுகள் தொடர்ந்தது. கி.மு. 404-இல் ஏதென்ஸ் பணிந்தது. வென்றவர்களின் துணைகொண்டு முப்பது பேர் அங்கே ஆட்சியைக் கைப்பற்றினர். சில திங்களே நீடித்த அந்தக் கொடுங்கோலாட்சியில் 1,500 பேர் உயிரிழந்தனர் என்று பண்டை நூல்கள் கூறுகின்றன. செல்வம் இருந்த குற்றத்துக்காகவே மாண்டவர்களும் அவர்களுள் உண்டு. நாடு கடந்து சென்றிருந்த திராசிபூலஸ் எழுபது பேருடன் திரும்பி ஒரு மலைக்கோட்டையைப் பிடித்தான். படை பெருகிற்று, துறைமுகம் வசமாயிற்று, முப்பதின்மருள் முதல்வனான கிரிட்டியாஸ் போரில் மடிந்தான். கி.மு. 403-இல் மக்களாட்சி மீண்டது.

இனி என்ன செய்வது? கொன்றவனின் கூட்டாளியும் கொலையுண்டவனின் தம்பியும் ஒரே கடைத்தெருவில் நடமாட வேண்டும். பழிக்குப் பழி என்று புறப்பட்டால் நகரமே சுடுகாடாகும். ஆகவேதான் அந்த ஆணை பிறந்தது.

எனினும் அது குருட்டு மன்னிப்பன்று. முப்பதின்மருக்கும் அவர்களுடைய நெருங்கிய ஏவலதிகாரிகளுக்கும் அதில் இடமில்லை. அவர்கள் தம் செயல்களுக்குக் கணக்கு ஒப்புவித்த பின்னரே நகரில் வாழலாம். ஆணையை மீறிப் பழம்பகையைக் கிளறிய ஒருவனுக்கு மரண தண்டனை கிடைத்தது. முப்பதின்மர் ஸ்பார்ட்டாவிடம் வாங்கியிருந்த 100 தாலந்து கடனை, அவர்களால் துன்புற்ற மக்களும் சேர்ந்தே அடைத்தனர். பகையை விடுவதற்கும் விலை உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அந்த உடன்பாட்டில் கறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கி.மு. 401-இல், எலூசிஸில் தனித்து வாழ்ந்த எதிர்த்தரப்பின் தளபதிகளைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கொன்றுவிட்டனர். ஆயினும் அதன்பின் இரு தரப்பினரும் மறுபடி ஆணையிட்டு ஒன்றாயினர். மக்களாட்சியும் பல்லாண்டு நிலைத்தது.

"பழைய கொடுமைகளைப் படிப்பதனால் பழைய பகை வளராதா?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. ஏதென்ஸ் அதற்கு நல்ல விடை தருகிறது. அந்நகரத்தார் நினைவை அழிக்கவில்லை. லிசியாஸ் என்பவர் தம் தமையனைக் கொன்றதாக முப்பதின்மருள் ஒருவன்மீது குற்றம் சாட்டி ஆற்றிய உரை இன்றும் கிடைக்கிறது. செனபோன் அந்நாளைய கொடுமைகளை எழுதிவைத்தார். மக்கள் துறந்தது நினைவையன்று. அந்நினைவை அயலான்மீது ஓங்கும் வாளாக்கும் உரிமையையே துறந்தார்கள்.

நம் காலத்தில் தென்னாப்பிரிக்கா இதே வினாவை எதிர்கொண்டது. நிறவெறி ஆட்சி முடிந்தபின், பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1996-இல் விசாரணையைத் தொடங்கியது. துன்புற்றோர் ஊரறியத் தம் கதையைக் கூறினர். குற்றம் செய்தவர் மன்னிப்புப் பெற வேண்டுமானால் உண்மை முழுவதையும் சொல்லியாக வேண்டும். ஏதென்ஸ் வாய்களை அடக்கி அமைதி தேடியது; தென்னாப்பிரிக்கா வாய்களைத் திறந்து அதனைத் தேடியது.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று நீங்களே ஆராய்ந்து பாருங்கள். என் எண்ணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். விட்டுக்கொடுப்பவன் தான் எதை விடுகிறான் என்று அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவைத் தருவது வரலாறு. பகையைக் கைவிடும் உரிமை துன்புற்றவனுக்கே உரியது. அவன் பட்ட துன்பத்தை மறவாதிருக்கும் கடமையோ நம் அனைவருக்கும் உண்டு.