தோலும் ஞாபகசக்தியும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பிரதேசத்தில் பரவிக் கிடக்கும் ஊர்களில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் தோல் தொழிலை வியாபார சரித்திரமாக எழுதியவர் உண்டு. 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை முன்வைத்து, ஓர் ஆறு நஞ்சான சோக சரித்திரமாக எழுதியவர் அதனினும் அதிகம். ஆனால் புரதச் சங்கிலியை அறுப்பதும் கட்டுவதும் எப்படி என்பதை ஏட்டுப் படிப்பின்றிக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த ஒரு ஜனசமூகத்தின் சரித்திரமாக அதை நோக்கியவர் சிலரே. இன்று ஞாபகசக்தியை விருத்தி செய்யுமென்று சொல்லிச் சில பெப்டைடுகள் உலகெங்கும் பரீட்சிக்கப்படுவதும், பரீட்சை முடியுமுன்பே விற்கப்படுவதுமான காலத்தில், பெப்டைடு என்னும் பதார்த்தத்தோடு மிகப் பழைய உறவுடைய இந்தப் பிரதேசத்தின் பக்கமிருந்து அவ்விஷயத்தைப் பார்ப்பது பொருத்தமற்றதாகாது.

அமினோ அமிலங்கள் ஒன்றன் கையை ஒன்று பற்றி நீளும் சங்கிலியே பெப்டைடு; அது மிக நீண்டு தனக்கென ஓர் உருவம் கொண்டுவிட்டால் புரதம். தோலின் ஜீவாதாரமான கொல்லாஜன் அத்தகைய புரதம். உப்பிட்டு வந்த தோலைக் கழுவி ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியிலிட்டு, மயிரையும் சதையையும் சீவியெடுக்கும் வேலைகள் யாவும் கொல்லாஜனைத் தவிர மற்றவற்றைக் களைவதற்கே ஆனவை. பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் ஊறும்போது, துவர்ப்புப் பொருள் சங்கிலிகளின் நடுவே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. இவ்வாறு பதனிட்டு லண்டன் சந்தைக்கு அனுப்பப்பட்ட சரக்கே ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பிரசித்தி பெற்றது. பதனிடாத ஈரத்தோல் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூட்டிலேயே சுருங்கிவிடும். பட்டையால் பதனிட்டது அதற்கு மேலும் 15 அல்லது 20 பாகை தாங்கும். பின்னாளில் வந்த குரோம் முறையில் பதனிட்டதோ கொதிக்கும் நீரிலும் சுருங்காது. ஆகவேதான் குரோம் தோலின் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் இட்டுப் பார்ப்பது தொழிற்சாலைகளில் வழக்கமாயிற்று. எந்த விளம்பரமும் அந்தச் சோதனையைத் தாண்ட முடியாது.

கட்டுவது ஒரு கலை என்றால் அறுப்பது மற்றொன்று. சுண்ணாம்பால் விறைத்துப்போன தோலை இளக்குவதற்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் வெகுகாலம் நாயின் மலத்தையும் பறவை எச்சத்தையும் உபயோகித்தார்கள். இத்தொழிலைச் சமூகம் அருவருத்து ஒதுக்கியதற்கு எங்குமே இத்தகைய காரியங்கள் ஒரு சாக்காயின. அந்த அசுத்தத்தில் வேலை செய்வது புரதத்தை அறுக்கும் நொதிகளே என்பதை உணர்ந்த ஜெர்மானிய ரசாயனி ஓட்டோ ரோம், 1907இல் விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டே அவ்வேலையை முடிக்க வழி கண்டார். அறுப்பது ஒரு வரம்புக்குள் நின்றால் தோல் மிருதுவாகும். வரம்பு மீறினால் சரக்கு பாழ். சீவி எறிந்த துண்டுகளைக் காய்ச்சினால் வச்சிரமும் ஜெலட்டினும் கிடைக்கும். அவற்றை இன்னும் பொடிப்பொடியாக அறுத்தால், இன்று மருந்துக் கடைகளில் ‘கொல்லாஜன் பெப்டைடு’ என்று டப்பாக்களில் அடைத்து வைத்திருக்கும் தூள் வகை கிடைக்கும்.

இந்தச் சங்கிலியின் உருவம் யாதென்பதற்கு விடை கிடைத்ததும் நம் ராஜதானி நகரத்திலேதான். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு அடையாற்றில் எழுந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் அண்டை வீடுகள் போன்றவை. 1952இல் தமது முப்பதாவது வயதை எட்டும் பருவத்தில் அப்பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைமையேற்ற ஜி. என். ராமச்சந்திரன், கொல்லாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அங்கு வந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் சொல்லக் கேட்டு அதையே தம் ஆராய்ச்சிப் பொருளாக வரித்துக்கொண்டார். தோல் நிலையத்தின் உதவியும், கங்காரு வாலின் தசைநாணும், எக்ஸ் கதிர்ப் படங்களும் துணைநிற்க, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்ட முடிவு, மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது கொல்லாஜன் என்பது. மூன்றாவது இடந்தோறும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் நின்றாக வேண்டும்; வேறெதுவும் அந்த இடுக்கில் அடங்காது. தோல் நிலையத்தின் பெரிய அரங்கம் ‘முப்புரிச் சுருள்’ என்று பொருள்படும் பெயரையே தாங்கி நிற்கிறது. இதனினும் பெரிய காரியம் 1963இல் நிகழ்ந்தது: ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, ஒரு பெப்டைடுச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே இயலாது என்பதை ஒரே வரைபடத்தில் அடக்கிக் காட்டினார். புரதத்தின் உருவத்தை ஆராயும் எவரும் இன்றளவும் ராமச்சந்திரன் வரைபடத்தைக் கொண்டே தம் முடிவைச் சரிபார்க்கிறார்கள்.

ஞாபகத்துக்குரிய பெப்டைடுகளின் கதை இத்துணை நேரானதன்று. இருளுக்கு அஞ்சும்படி பழக்கிய ஏறத்தாழ 4000 எலிகளின் மூளைகளிலிருந்து 15 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்ததாகவும், அதைச் செலுத்தினால் பழக்கப்படாத பிராணிக்கும் அந்த அச்சம் தொற்றுவதாகவும் அமெரிக்காவில் ஜார்ஜ் உங்கார் 1972இல் அறிவித்தார். கற்றதை ஊசியில் ஏற்றலாம் என்ற ஆசை சில ஆண்டுகள் ஒளிவீசி, பிறரால் மெய்ப்பிக்கப்படாமல் அணைந்தது. நெதர்லாந்தில் டேவிட் டி வீட், வாசோபிரெசின் என்ற சுரப்பால் எலிகள் கற்றதை நெடுநாள் மறவாமலிருப்பதைக் காட்டினார். மனிதரிடத்தில் அதன் பயன் ஒருமுகமாக நிலைநாட்டப்படவில்லை. ரஷ்யர்கள் ஆக்கிய செமாக்ஸ் என்பது ஏழே அமினோ அமிலங்கள் கொண்டது. அவற்றில் நான்கு, மூளையடிச் சுரப்பியின் ஹார்மோன் ஒன்றின் துண்டு. நொதிகள் எளிதில் அறுத்துவிடாதபடி வாலில் சேர்த்த மூன்றோ புரோலின், கிளைசின், புரோலின். கொல்லாஜன் சிதையும்போது வெளிப்படும் துண்டுகளுள் இம்மூன்றின் தொடரும் ஒன்றென்பது எத்தனை விசித்திரம்! வளையமாக மடிந்து, சுழல இடமற்று நிற்கும் புரோலினின் பிடிவாதம் தோலில் உறுதியாகவும், இந்த மருந்தில் கவசமாகவும் பயன்படுகிறது.

செமாக்ஸை மூக்கில் சொட்டு மருந்தாக இடுகிறார்கள். இத்தகைய சங்கிலிகளை விழுங்கினால் வயிறே தோலை இளக்கும் நொதித் தொட்டி போலாகி அவற்றை அறுத்துவிடும். ரஷ்யாவில் மருந்தாக அங்கீகாரம் பெற்ற அது அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெறவில்லை. திடகாத்திரமான மனிதனின் புத்தியை இது கூர்மையாக்கும் என்பதற்குப் பெரிய, சுதந்திரமான பரிசோதனைகளின் ஆதாரம் இல்லை. வல்லாரையை நம்பிய நம் பாட்டிமாரைப் பரிகசிப்பவர்கள், ஆய்வுக்கு மட்டும் என்று சீட்டொட்டிய சீசாக்களை வாங்கித் தாமே ஊசி போட்டுக்கொள்வதை என்னென்பது! கொதிநீருக்கு அஞ்சாமல் தன் சரக்கை நீட்டும் ஆம்பூர்த் தொழிலாளியின் நேர்மை இவ்வியாபாரத்தில் இன்னும் குடிபுகவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

மறதியைப் போக்குவது இருக்கட்டும்; அதை அளப்பதே எளிதன்று என்பதை வேலூர் நன்கு அறியும். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய நரம்பியல் துறையே இந்தியாவின் இத்துறைகளுக்கெல்லாம் மூத்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், முதுமை மறதி குறித்துப் பல நாடுகளில் நடந்த ‘10/66’ ஆய்வில் வேலூர்க் கிராமப்புறமும் சேர்ந்து, 65 வயது கடந்த ஏறத்தாழ 1000 பேர் பரிசோதிக்கப்பட்டனர். 2008இல் வெளியான முடிவில், அமெரிக்க மனநோய் மருத்துவர்களின் இலக்கணப்படி கியூபாவில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இருந்த வியாதி இந்தியக் கிராமப்புறத்தில் 0.3 பேருக்கே இருந்தது. அவ்வாய்வாளர்கள் தாமே வகுத்த முறையால் அளந்தபோதோ தொகை பன்மடங்காயிற்று. மறதியால் அன்றாட வாழ்வு தடைப்பட்டதா என்று அந்நிய இலக்கணம் வீட்டாரைக் கேட்கிறது. வரவு செலவும் சமையலும் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்ட வீட்டில் கிழவருக்குத் தடைப்படுவதற்கென்று தனியாக ஒரு காரியம் இல்லாததால், வயதானால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த கேள்விக்குக் காத்திருந்திருப்பார்கள்.