பழமரமும் பன்றிக்கூடமும்: நீப்பா நோயின் வரலாற்றை மீண்டும் படித்தல்

தமிழர்க்கு வௌவால் புதிய உயிரன்று. வாவல் என்னும் பெயரில் அது சங்கப் பாடல்களிலேயே இடம்பெறுகிறது. குறுந்தொகைப் புலவர் ஒருவர், பிரிவுத் துயர் மிகும் மாலைப்பொழுதைக் காட்டப் பழமரம் நாடிப் பறக்கும் வாவலைத் தேர்ந்தெடுத்தார். மலாய்க்காரர்கள் பெரிய பழந்தின்னி வௌவாலைக் 'கெலுவாங்' என்பர்; ஜொகூரின் குளுவாங் நகரம் அச்சொல்லிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. இவ்வாறு இலக்கியத்திலும் இடப்பெயரிலும் இயல்பாக இடம்பெற்ற ஓர் உயிர், 1999ஆம் ஆண்டுக்குப் பின் அச்சத்தோடு பேசப்படலாயிற்று. அவ்வச்சத்திற்குக் காரணமான நீப்பா நோயின் வரலாற்றை ஒரு வினாவை முன்வைத்து நாம் இங்கு ஆராய்வோம். வௌவால்கள் மனிதரைத் தேடி வந்தனவா? அல்லது அவை காலங்காலமாகப் பறந்த வழியில் மனிதர் சென்று ஒன்றை அமைத்தனரா?

இரவுப் பயணம்

பழந்தின்னி வௌவால்களின் வாழ்க்கையே பயணத்தால் ஆனது. தீபகற்ப மலேசியாவில் வாழும் பெரிய பழந்தின்னி வௌவாலின் இறக்கை விரிப்பு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரை இருக்கும். எடையோ ஒரு கிலோகிராம் அளவே. ஒரே காட்டில் ஆண்டு முழுதும் பூவும் கனியும் கிடைப்பதில்லை. ஆகவே மரங்கள் பூக்கும் பருவத்தைப் பின்தொடர்ந்து அவை இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. துணைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளை அவற்றுக்குப் பொருத்தி ஆராய்ந்தபோது, மலேசியாவில் தங்கிய வௌவால்கள் கடல் கடந்து சுமத்ராவிற்கும், வடக்கே தாய்லாந்துக்கும் சென்றது தெரியவந்தது. நாட்டெல்லைகள் அவற்றுக்கு இல்லை.

நமக்கு நன்கு அறிமுகமான இடத்திலும் இதற்குச் சான்று உண்டு. பத்துமலைக் குகைகளில் தேன் உண்ணும் வௌவால் இனமொன்று வாழ்கிறது. பகலில் குகையில் உறங்கும் அவ்வௌவால்கள், பூந்தேன் நாடி 38 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலோர அலையாத்திக் காடுகள் வரை செல்வதை 1970களில் நடந்த ஆய்வு காட்டியது. டுரியான், பெத்தாய் ஆகிய மரங்களின் பூக்கள் காயாவதற்கு இவ்வினத்தின் மகரந்தச் சேர்க்கை பெருந்துணை. நாம் விரும்பி உண்ணும் டுரியானுக்குப் பின்னே ஒரு வௌவாலின் இரவுப் பயணம் இருக்கிறது.

தவறாகப் படிக்கப்பட்ட நோய்

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்தில் பன்றி வளர்ப்போர் சிலர் கடுங்காய்ச்சலாலும் மூளையழற்சியாலும் பாதிக்கப்பட்டனர். கொசுவால் பரவுவதும் பன்றியோடு தொடர்புடையதுமான ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. சில நோயாளிகளின் இரத்தத்தில் அந்நோய்க்குரிய அடையாளம் தென்பட்டதும் இம்முடிவை வலுப்படுத்தியது. கொசுப்புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. நோய் அடங்கவில்லை.

பொருந்தாத செய்திகள் கண்முன்னே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கோ பாதிக்கப்பட்டோர் வேலைக்குச் செல்லும் ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஆயினும் பண்ணைகளுக்கு அருகே வாழ்ந்தும் பன்றிகளோடு பழகாதவர்களை இந்நோய் பெரிதும் தொடவில்லை. தடுப்பூசி பெற்றவர்களும் நோயுற்றனர். பன்றிகளே உரத்த இருமலோடு நோயுற்றன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் அவ்வாறு நிகழ்வதில்லை. முதலில் எழுந்த விளக்கம் உறுதியாகப் பிடித்துக்கொள்ளப்பட்டதால், அதற்கு எதிரான சான்றுகள் உரிய கவனம் பெறுவதற்குள் மாதங்கள் கழிந்தன.

அதற்கிடையே பேராக்கிலிருந்து விற்கப்பட்ட பன்றிகளோடு நோய் தெற்கே நகர்ந்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிக்காமட், புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீப்பா ஆகிய இடங்கள் துயரத்தில் ஆழ்ந்தன. 1999 மார்ச் மாதத் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க ஆய்வகங்களில் அது மேலும் ஆராயப்பட்டது. 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் தாக்கிய ஹெண்டிரா கிருமிக்கு அது நெருங்கிய உறவு என்பது தெளிவாயிற்று. சுங்கை நீப்பா என்னும் சிற்றூரின் பெயரே நோய்க்குச் சூட்டப்பட்டது.

அதே மார்ச் மாதத்தில் சிங்கப்பூரிலும் நோய் வெளிப்பட்டது. மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் உயிரிழந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பல குடும்பங்கள் உறவினரையும் பிழைப்பையும் ஒருசேர இழந்தன.

புகைமூட்டமா, பழத்தோட்டமா?

ஹெண்டிரா கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது முன்பே அறியப்பட்டிருந்ததால், ஆய்வாளர் இங்கும் அவற்றையே நோக்கினர். மலேசிய வௌவால்களின் இரத்தத்தில் கிருமியின் சுவடு தெரிந்தது. தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலும், அவை கடித்துப் போட்ட ஜம்புப் பழத்திலும் கிருமியே கிடைத்தது.

அவ்வாறாயின் அது பன்றியை அடைந்தது எவ்வாறு? 1997ஆம் ஆண்டின் எல் நீனோ வறட்சியும், காட்டுத் தீயால் எழுந்த புகைமூட்டமும் வௌவால்களைக் காட்டிலிருந்து விரட்டிப் பண்ணைகளுக்குத் தள்ளின என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். காடழிப்பின் கேட்டை உணர்த்துவதால் அது நம் மனத்திலும் எளிதில் பதிகிறது.

ஆனால் வரலாறு காலவரிசையைக் கேட்கிறது. நோய் தொடங்கிய ஈப்போ பண்ணையின் பதிவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, அங்கு முதல் மனித நோயாளி 1997 ஜனவரியிலேயே இருந்தது தெரியவந்தது. புகைமூட்டம் கடுமையானதோ அவ்வாண்டின் ஆகஸ்ட் மாதத்திற்குப் பின்னர். பின்னால் வந்தது முன்னால் நிகழ்ந்ததற்குக் காரணமாக இருக்க முடியாது. காடழிப்பு வௌவால்களின் வாழ்விடத்தைச் சுருக்கியது என்பது உண்மை. எனினும் இந்நோயின் தொடக்கத்திற்குப் புகைமூட்டத்தைக் காரணம் காட்டுதல் பொருந்தாது.

அப்பண்ணையின் அமைப்பே விடையை நெருங்க உதவுகிறது. அங்கே 30,000க்கும் மேற்பட்ட பன்றிகள் வளர்க்கப்பட்டன. பன்றிக்கூடங்களை ஒட்டியே மாமரங்கள் நின்றன. நாட்டில் மாம்பழ விளைச்சல் பெருகிவந்த காலம் அது. கனிந்த பழத்தைத் தேடி வௌவால் வந்தது. பாதி தின்ற பழமும் எச்சிலும் சிறுநீரும் கீழே விழுந்தன. பன்றி அவற்றை உண்டது. சிறிய பண்ணையாக இருந்திருப்பின் நோய் வந்த வேகத்தில் அடங்கியிருக்கலாம். நாள்தோறும் புதிய குட்டிகள் பிறக்கும் பெரும்பண்ணையில் கிருமிக்கு ஓயாமல் புதிய உடல்கள் கிடைத்தன என்பதே பின்னாளைய ஆய்வாளர் தரும் விளக்கம்.

வௌவால் புதிதாக எதையும் செய்யவில்லை. புலவர் கண்ட வாவலைப் போலவே அது மாலையில் பழமரம் நாடிற்று. அம்மரத்தின் கீழ் பன்றிக்கூடத்தை அமைத்தவர் மனிதரே.

விளக்கமும் விளைவும்

இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வு அன்று. வௌவாலே குற்றவாளி எனில் அதை அழிப்பது தீர்வாகத் தோன்றும். தீபகற்ப மலேசியாவில் 2002 முதல் 2006 வரை வழங்கப்பட்ட வேட்டை உரிமங்கள் மட்டுமே 87,800 வௌவால்களைக் கொல்ல இடமளித்தன. அவற்றை இழந்தால் டுரியான் தோப்பும் அலையாத்திக் காடும் இழப்புக்குள்ளாகும். பண்ணை அமைப்பே காரணம் எனில் தீர்வு வேறு: பழமரத்தையும் பன்றிக்கூடத்தையும் பிரித்து வைத்தல். மலேசியா இவ்வழியை ஏற்றது. 1999க்குப் பின் அங்கு நீப்பா மனிதரிடையே மீண்டும் தோன்றவில்லை.

வங்காளதேசத்தின் பட்டறிவும் இதையே காட்டுகிறது. அங்கு 2001 முதல் நோய் பலமுறை தோன்றியது. பன்றிகளுக்கு அதில் பங்கில்லை. இரவில் பேரீச்சமரத்தில் கட்டிய கலயத்தை வௌவால் நாடியது. விடியலில் அப்பதநீரை மக்கள் காய்ச்சாமல் பருகினர். மூங்கில் தட்டியால் கலயத்தை மூடுவதே அங்குப் பரிந்துரைக்கப்பட்ட எளிய காப்பு.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பயிலும் மாணவர்க்கும் இந்நிகழ்வு நல்லதொரு பாடம். ஒரு நோயின் காரணத்தைக் கேட்கும்போது, எது முதலில் நிகழ்ந்தது, யார் பாதிக்கப்பட்டார், யார் பாதிக்கப்படவில்லை என்னும் மூன்று வினாக்களையும் உடன் கேட்க மாணவரைப் பழக்குவோம். 1998இல் அவ்வினாக்களுக்குரிய விடைகள் ஈப்போவின் பண்ணைகளிலேயே இருந்தன.