ஏழு கையெழுத்தும் ஒரு செருப்புக் கடையும்

பி.காம். படிக்கிற எல்லோருக்கும் சாலமன் வழக்கு தெரியும். கம்பெனிச் சட்டம் பேப்பரில் கட்டாயம் வரும் கேள்வி. "கம்பெனி வேறு, அதன் உறுப்பினர் வேறு" என்று எழுதி ஐந்து மார்க் வாங்கிவிட்டு அந்த மனிதரை மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். போன மாதம் நண்பனின் அண்ணன் ஒருவர் தன் பிரிண்டிங் கடையைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கப் போவதாகச் சொல்லி, "இதுக்கு வக்கீல் வேணுமா? நாமளே பண்ண முடியாதா?" என்று கேட்டார். பதில் தேடப் போனவன் லண்டன் ஒயிட்சாப்பல் தெருவில் போய் நின்றேன்!

முதலில் கொஞ்சம் பின்கதை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கம்பெனி தொடங்க வேண்டுமென்றால் அரசரிடம் சாசனம் வாங்க வேண்டும், இல்லையென்றால் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1600-இல் சாசனம் வாங்கித்தான் பிறந்தது. அந்தச் செலவு பெரிய முதலாளிகளுக்கே தாங்கும், சின்ன வியாபாரி கனவிலும் நினைக்க முடியாது. 1720-இல் வந்த பபுள் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. (தென்கடல் கம்பெனி திவாலானதால்தான் இந்தச் சட்டம் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. சட்டம் வந்தது ஜூனில், பங்குவிலை சரிந்தது அதற்குப் பிறகு. போட்டிக் கம்பெனிகளை ஒழிக்கத் தென்கடல் ஆட்கள்தான் இதற்கு ஆதரவாக நின்றார்கள்.) 1825-இல்தான் அது ரத்தானது.

1844-இல் கிளாட்ஸ்டன் வர்த்தகத் துறைக்குத் தலைவராக இருந்தபோது, பதிவு செய்தாலே கம்பெனி என்ற முறை வந்தது. ஆனால் கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் பங்குதாரரின் வீடு வாசல் எல்லாம் போகும் நிலைமை மாறவில்லை. 1855-இல்தான் 'லிமிடெட்' வந்தது. அடுத்த ஆண்டே, 1856-இல், ராபர்ட் லோ கொண்டுவந்த சட்டம் கதவை முழுசாகத் திறந்துவிட்டது. ஏழு பேர் ஒரு மெமோராண்டத்தில் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்தால் போதும், கம்பெனி ரெடி.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சட்டத்தின் பின்னிணைப்புதான். கம்பெனியை எப்படி நடத்துவது, கூட்டம் எப்படிக் கூட்டுவது, ஓட்டு எப்படிப் போடுவது என்று மாதிரி விதிகளை அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்துவிட்டது. சொந்தமாக விதிகள் எழுதிக் கொடுக்காவிட்டால் அவையே உங்கள் கம்பெனிக்கும் பொருந்தும். 1862 சட்டத்தில் இதற்கு 'டேபிள் ஏ' என்று பெயர். வக்கீலை வைத்து எழுத வேண்டிய ஒரு பெரிய ஆவணத்தைச் சட்டமே இலவசமாகத் தருகிறது என்றால் சும்மாவா?

சரி, சாலமனுக்கு வருவோம்.

ஏரன் சாலமன் ஒயிட்சாப்பல் ஹை ஸ்ட்ரீட்டில் பூட்ஸ் தயாரித்து விற்றவர். ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் உழைத்து நல்ல நிலைக்கு வந்தவர். வளர்ந்த மகன்கள் தொழிலில் பங்கு கேட்டு நச்சரிக்க, 1892-இல் கம்பெனியாகப் பதிவு செய்தார். ஏழு கையெழுத்துக்கு எங்கே போவது? வீட்டிலேயே ஆள் இருக்கிறதே! அவர், மனைவி, ஒரு மகள், நான்கு மகன்கள். கணக்குச் சரியாக ஏழு. மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பவுண்டு. அவருக்கு 20,001 பங்கு.

தன் கடையைத் தன் கம்பெனிக்கே சுமார் 39,000 பவுண்டுக்கு விற்றார். விலை ரொம்ப அதிகம் என்று பின்னால் நீதிபதிகளே சொன்னார்கள். அந்தத் தொகையில் 10,000 பவுண்டுக்குப் பணத்துக்குப் பதில் டிபென்ச்சர் எடுத்துக்கொண்டார். அதாவது கம்பெனியின் சொத்தை ஈடாகக் கொண்ட கடன் பத்திரம். கம்பெனி மூழ்கினால் டிபென்ச்சர்காரருக்குத்தான் முதலில் பணம்.

மூழ்கியது, அதுவும் சீக்கிரமே! பூட்ஸ் தொழிலில் மந்தம், தொழிலாளர் வேலைநிறுத்தம், அரசு ஒப்பந்தங்கள் வேறு கைகளுக்குப் போனது. சாலமன் ஓடிப்போகவில்லை. தன் டிபென்ச்சரை பிராடரிப் என்பவரிடம் அடகு வைத்து 5,000 பவுண்டு வாங்கி அதையும் கம்பெனியில் போட்டார். 1893-இல் கடை மூடப்பட்டது. பிராடரிப்புக்குக் கொடுத்தது போக மீதி இருந்தது ஆயிரம் பவுண்டுக்குச் சற்று மேல். அதுவும் டிபென்ச்சர்படி சாலமனுக்கு. ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு வர வேண்டியது 7,000 பவுண்டுக்கு மேல், கிடைப்பது பூஜ்யம்.

லிக்விடேட்டர் விடவில்லை. முதல் நீதிமன்றம், கம்பெனி வெறும் ஏஜென்ட், எல்லாக் கடனையும் சாலமனே கட்ட வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் இன்னும் மோசம்: பொம்மைகளை வைத்துச் சட்டத்தை ஏமாற்றியிருக்கிறார் என்றார்கள். அதற்குள் மனிதர் ஓட்டாண்டி. பிரபுக்கள் சபைக்கு ஏழை என்று மனுப்போட்டுத்தான் மேல்முறையீடு செய்தார்.

1896 நவம்பரில் தீர்ப்பு, ஒருமனதாக அவர் பக்கம். மெக்நாட்டன் பிரபுவின் வாதம் எளிமையானது. சட்டம் ஏழு பேர் வேண்டும் என்கிறது, ஆளுக்கு ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. அவர்கள் சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது என்று எங்கே சொல்கிறது? பதிவு ஆன நொடியிலிருந்து கம்பெனி தனி ஆள்.

கடன் கொடுத்தவர்கள் கதை? ஒரு கம்பெனியோடு வியாபாரம் செய்கிறோம் என்று தெரிந்துதானே கொடுத்தார்கள் என்று பதில் வந்தது. சட்டப்படி சரிதான். ஆனால் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று இருப்பதைப் பார்த்துத் தோல் சப்ளை செய்பவர் பேரேடு கேட்டுப் படித்துவிட்டா சரக்குக் கொடுப்பார்? எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

நம் நாட்டிலும் பதிவு முறை 1850-லும் லிமிடெட் முறை 1857-லும் வந்துவிட்டன. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தது இந்த வழியில்தான். அவருக்கு வக்கீல் தேட வேண்டிய அவசியம் இல்லை, அவரே வக்கீல் :)

நண்பனின் அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இது: மாதிரி விதிகள் இப்போதும் உண்டு, 2013 சட்டத்தில் 'டேபிள் எஃப்' என்று. வக்கீல்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் சட்டப்படி எல்லாம் செய்தாகிவிட்டது என்று ஒரு வக்கீலோ, ஆடிட்டரோ, கம்பெனி செயலரோ, காஸ்ட் அக்கவுண்டண்டோ உறுதிமொழி தர வேண்டும். ஏழு பேரும் வேண்டாம், அதே 2013 சட்டப்படி ஒரே ஆளே கம்பெனி தொடங்கலாம். தனக்குப் பிறகு யார் என்று ஒரு நாமினி பெயர் மட்டும் கொடுக்க வேண்டும். அண்ணன் யோசிக்கவே இல்லை, அண்ணியைக் கூப்பிட்டு ஆதார் கார்டை எடுத்துவரச் சொன்னார்.